நான் முதலிடம் கொடுத்த ஆல்பம்

டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் எல்லாரும் நட்சத்திர விளக்கு வாங்கக் கிளம்புவார்கள். நான் பட்டியல் போட உட்காருவேன். அந்த வருஷம் வெளிவந்த தமிழ் இன்டி ஆல்பங்களில் எனக்குப் பிடித்த பத்து. இன்டி என்றால் சினிமாவுக்காக இல்லாமல் அவரவர் தாமாகவே எழுதி, மெட்டுக் கட்டி, கைக்காசைப் போட்டு வெளியிடுகிற பாட்டு. பத்து வருஷம் விடாமல் அந்தப் பட்டியலை இணையத்தில் என் வலைப்பக்கத்தில் போட்டேன். போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போய், ஓர் ஏற்றுமதி ஆபீசில் பில் சரிபார்த்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு, ஊரில் யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்று தனக்குத் தெரியும் என்ற நினைப்பு தேவைப்பட்டது. அதற்கு ரசனை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. பெயரை மறைத்தால் பாவம் தீர்ந்துவிடும் என்பதற்காக அல்ல. போன வருஷமும் நான் பெயர் எழுதவில்லை. எழுதாமலேயே கெடுக்க வேண்டியதைக் கெடுத்துவிட்டேன்.

என் மச்சினன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பான். "சினிமால சான்ஸ் கிடைக்காதவன் பாடறதுக்குப் பேருதான் இன்டியா மாமா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவனுக்காகவே ஒரு ஆல்பத்தைப் போட்டுக் காட்டுவேன். அவன் அரை நிமிஷம் கேட்டுவிட்டு செல்போனைப் பார்க்க ஆரம்பிப்பான். ஞான சூனியம் என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன். அவன் குறைந்தபட்சம் கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டவன். என்னைப் பற்றி அதுகூடச் சொல்ல முடியாது.

எனக்கென்று சில விதிகள் இருந்தன. ஒரு ஆல்பம் தாம்பரத்தில் ஏறினால் கிண்டியில் இறங்குவதற்குள் முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் நீண்டால் அந்த ஆளுக்குத் தன் மேல் அளவுக்கு மீறிய பிரியம் என்று அர்த்தம். ஐந்து முறையாவது கேட்காமல் எதையும் பட்டியலில் சேர்க்க மாட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நோட்டில் குறிப்பு எழுதுவேன். இதையெல்லாம் விட எனக்குப் பெருமையான ஒரு விஷயம் இருந்தது. பாட்டுக்குப் பின்னால் இருக்கிற சத்தத்தைக் கேட்பது. இந்தப் பாட்டுகளெல்லாம் பெரிய ஸ்டூடியோவில் பதிவாவதில்லை. படுக்கையறையில், மொட்டை மாடியில், ஹாஸ்டல் கழிவறையில் எடுப்பார்கள். கூர்ந்து கேட்டால் அந்த இடமும் பாட்டில் விழுந்திருக்கும். கனடாவிலிருந்து ஒரு ஈழத்துப் பெண் வெளியிட்ட ஆல்பத்தில், இரண்டாவது பாட்டின் கடைசியில் குக்கர் விசில் அடிப்பதை நான்தான் கண்டுபிடித்து எழுதினேன். அந்தப் பெண்ணே பதில் போட்டிருந்தாள். "அம்மா பருப்பு வச்சிருந்தவ. இத்தனை பேர் கேட்டும் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை." அந்தப் பதிலை எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

அதற்குப் பிறகு படிக்கிறவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். "இந்த வருஷம் எந்த குக்கர்?" நானும் குக்கர் தேட ஆரம்பித்தேன். பாட்டைக் கேட்பது குறைந்து சத்தத்தைத் தேடுவது கூடிப்போனது எந்த வருஷம் என்று எனக்கே தெரியாது.

போன வருஷம் நல்ல வருஷம். ஊரப்பாக்கத்தில் வாடகை ரூமில் தங்கியிருந்த இரண்டு இன்ஜினியரிங் பையன்கள் ஆறு பாட்டு போட்டிருந்தார்கள். சுருதி அங்கங்கே வழுக்கும். ஆனால் அரியர் எழுதப் போகிற காலை நேரத்தைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது, அதைக் கேட்டு ரயிலில் தனியாகச் சிரித்தேன். கோயம்புத்தூரில் மருந்துக்கடையில் வேலை செய்கிற ஒரு பெண், கல்லாவுக்குப் பின்னால் நின்று முணுமுணுப்பது போலவே ஒரு ஆல்பம் முழுக்கப் பாடியிருந்தாள். கிட்டார் வாசிக்கத் தெரியாமல் கிட்டார் வாசித்தவர், தெரிந்தும் அடக்கி வாசித்தவர், இரண்டு பேரும் இருந்தார்கள். நவம்பர் முடிவதற்குள் ஒன்பது இடம் நிரம்பிவிட்டது. முதலிடத்துக்கு மட்டும் ஆள் இல்லை.

அப்போதுதான் அது வந்தது. ஐந்து பாட்டு. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செடியின் பெயர். படம் கிடையாது, ஊர் கிடையாது, யார் இசை என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பெண் குரல், ஒரு கீபோர்டு, இரண்டு இடத்தில் கிட்டார். சானடோரியம் தாண்டுவதற்குள் இது வேறு ரகம் என்று தெரிந்துவிட்டது. குரோம்பேட்டையில் கூட்டம் ஏறி என்னைக் கதவோரம் தள்ளியபோது மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது. அந்தப் பாட்டு யாரையோ வரச் சொல்லிக் கூப்பிட்டது. கெஞ்சாமல், குரல் உயர்த்தாமல், வாசலில் நிற்கிறவரைச் சாதாரணமாக உள்ளே கூப்பிடுவது போல. கண்ணை மூடிக்கொண்டேன். உண்மையாகச் சொல்கிறேன், அந்த முதல் தடவை நான் பாட்டைத்தான் கேட்டேன்.

மறுநாள் இரண்டாவது தடவை ஃபேன் கேட்டது. ஒரு 'டக்', கொஞ்சம் இழுத்து இன்னொரு 'டக்'. பல்லாவரத்தில் பாட்டை நிறுத்தி மறுபடியும் அந்த இடத்துக்குப் போனேன். சந்தேகமே இல்லை. எங்கள் சர்ச்சின் பாரிஷ் ஹாலில், சன்னல் பக்கம் இருக்கிற ஃபேன். பதினைந்து வருஷமாக கொயர் பிராக்டிஸில் அதற்குக் கீழே உட்கார்ந்து கட்டைக் குரலில் பாடிக்கொண்டிருக்கிறேன். அதை மாற்ற வேண்டும் என்று கமிட்டியில் வருஷா வருஷம் தீர்மானம் போடுவார்கள், மாற்ற மாட்டார்கள். அந்த ஹாலில் ப்ளக் பாயின்டும் அந்த ஃபேனும் ஒரே சுவிட்சில் ஓடுகின்றன. கீபோர்டு போட வேண்டுமென்றால் ஃபேனும் சுற்றித்தான் ஆக வேண்டும். இரண்டாவது வரி முடிகிற இடத்தில் தூரத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று ஊதிக்கொண்டு போனது. எங்கள் ஹாலுக்குப் பின்னால்தான் தண்டவாளம்.

அதற்கப்புறம் குரலைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கொயரில் எனக்கு முன்வரிசையில் நிற்கிற பெண். சர்ச் செக்ரட்டரியின் மருமகள். கல்யாணமாகி எங்கள் சபைக்கு வந்து ஆறேழு வருஷம் இருக்கும். சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு கேரல் பாட்டு சொல்லிக்கொடுப்பதற்காக ஹால் சாவி அவளிடம்தான் இருந்தது. கொயரில் அவள் குரல் தனியாகக் கேட்டதே இல்லை. மற்ற மூன்று பேருக்கு நடுவில் அடக்கமாகப் பாடிவிட்டுப் போவாள். அதே குரல் இங்கே தாராளமாக, அதன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டிருந்தது. ரயிலில் இருந்த அத்தனை பேரையும் உலுக்கி, இது எங்கள் சர்ச் பெண் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியில் இறங்கும்போது அவளே கேட்டாள்.

"அண்ணா, இந்த வருஷம் லிஸ்ட் எப்போ போடறீங்க?"

"வரும்மா. இந்தத் தடவ ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்று கண்ணைச் சிமிட்டினேன்.

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனாள். அவள் என்ன நினைத்து மலர்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கண்டுபிடித்ததை அவள் புரிந்துகொண்டு சந்தோஷப்படுகிறாள் என்று நானாகவே முடிவு கட்டினேன்.

முதலிடத்துக்கு ஏழு பத்தி எழுதினேன். மற்ற ஒன்பதுக்கும் சேர்த்தே அவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நாற்பது தடவை கேட்டேன் என்று ஆரம்பித்தேன். அது பொய்யில்லை. "யார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தாம்பரம்வாசிகள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். டக் டக் என்ற ஃபேனைப் பற்றி இரண்டு பத்தி. ப்ளக் பாயின்ட், சுவிட்ச் சமாச்சாரம் ஒரு பத்தி. கூட்ஸ் வண்டி ஒரு பத்தி. ஹாலின் தகரக் கூரை குரலை எப்படித் திருப்பி அனுப்புகிறது என்று ஒரு பத்தி. பட்டம் வாங்காத ஒலிப் பொறியாளன் மாதிரி வெளுத்துக் கட்டினேன்.

வெளியிடுவதற்கு முன்னால் மனைவி படித்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா?"

"பேரே போடலையே."

"பேர் மட்டும்தான் போடலை" என்றாள்.

பாராட்டுக்கு எதற்கு அனுமதி என்று சொல்லிவிட்டு வெளியிட்டேன். வழக்கம்போல் இணைப்பை எங்கே எல்லாம் போடுவேனோ அங்கேயெல்லாம் போட்டேன். கொயரின் செல்போன் குரூப்பிலும் போட்டேன். பத்து வருஷமாகப் போடுகிறேன், அங்கே ஒருத்தரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை பார்த்தார்கள். ஒருவர் "நம்ம ஹால் ஃபேனா இது?" என்று சிரிப்புப் பொம்மை போட்டார். நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒருவர் கேட்டார். "அப்போ சாவி யார்கிட்ட இருக்கு?" அதற்கப்புறம் குரூப்பில் யாரும் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் கொயரில் அவள் இடம் காலி. ஆராதனை முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். அவளுடைய மாமனார். கத்துகிற ஆள் இல்லை. ரயில்வேயில் கணக்கு பார்த்து ரிட்டயர் ஆனவர், யாரிடமும் வாய் தவறிப் பேசி நான் பார்த்ததில்லை.

"தம்பி, ஒரு நிமிஷம். நான் பாட்டு கேக்கற ஆள் இல்ல. பாமாலை, கீர்த்தனை, அதோட சரி. நேத்து ராத்திரி அந்த அஞ்சு பாட்டையும் உட்கார்ந்து கேட்டேன்."

"ரொம்ப நல்லா பாடியிருக்காங்க சார்."

"குரல் இருக்கட்டும். ஹாலை யூஸ் பண்ணதுகூட இருக்கட்டும், கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அந்த மூணாவது பாட்டுல யாரையோ வா வான்னு கூப்பிடறா. யாரைன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. என் பையன் நேத்துலேர்ந்து சாப்பிடல. நீங்க நாற்பது தடவ கேட்டிருக்கீங்க, விஷயம் தெரிஞ்சவர். அது யாரைப் பத்தின பாட்டு?"

அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரே எண்ணம்தான், இதைச் சாதாரணமாக்கி அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். "சும்மா லவ் சாங்தான் சார். இந்த மாதிரிப் பாட்டெல்லாம் அப்படித்தான் இருக்கும். யாரையும் குறிச்சு இல்ல" என்றேன்.

"லவ் சாங்" என்று அவர் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரி. தேங்க்ஸ் தம்பி."

நல்லபடியாகச் சமாளித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் அந்த ஆல்பத்தைத் திறந்தேன். ஐந்து பாட்டின் பெயரும் சாம்பல் நிறத்தில் இருந்தன. தொட்டால் ஓடவில்லை. இந்தப் பாட்டுகள் இப்போது கிடைப்பதில்லை என்று ஒரு வரி வந்தது. நான் எதையும் தனியாகச் சேமித்து வைக்கிறவன் இல்லை, எல்லாம் எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நம்புகிறவன். தேடிப் பார்த்தேன். வேறெங்கும் இல்லை. என் பட்டியலில் முதலிடத்தில் இருந்த இணைப்பைத் தொட்டால் வெற்றுப் பக்கம்.

அடுத்த வாரம் சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் கேட்டைப் பூட்டிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார்.

"அந்தம்மாகிட்டேர்ந்து சாவிய வாங்கி என்னான்ட குட்த்துட்டாரு செக்ரட்டரி. வூட்ல ஒரே பேஜாராம் சார். ஆருக்கோ லவ்வு பாட்டு பாடிச்சுனு சொல்லிகினு கீறாங்க. இன்னா சார், அந்தம்மா அப்டிலாம் இல்லியே."

இல்லை என்று நானும் சொன்னேன். எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே போய்ச் சொல்லவில்லை. செக்ரட்டரி வீட்டுக்குப் போய், நான் சொன்னதை நம்பாதீர்கள், எனக்கு அந்தப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவள் வந்தாள். கொயரில் இல்லை, பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், மாமியாருக்கும் பிள்ளைக்கும் நடுவில். எல்லாரும் எழுந்து பாடியபோது புத்தகத்தை விரித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உதடு அசையவில்லை.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டில் ஜெராக்ஸ் கடையில் அவளைப் பார்த்தேன். பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷனுக்கு ஏதோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தப்பித்துப் போகலாமா என்று யோசிப்பதற்குள் பார்த்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரர் காதில் விழாத அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டேன். அவள் பேப்பர்களை அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"உங்க லிஸ்ட்டை எனக்கு முதல்ல காட்டினது யார் தெரியுமாண்ணா? எங்க அக்கா."

அவளுக்கு அக்கா இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் சபையில் யாருக்கும் தெரியாது.

"கூடுவாஞ்சேரில நாங்க ரெண்டு பேரும் ஒரே இயர்போன்ல ஆளுக்கொரு பக்கம் வச்சுக்கிட்டுக் கேப்போம். டிசம்பர்ல உங்க லிஸ்ட் வந்தா வரிசையா பத்தையும் கேட்டு முடிச்சுட்டுத்தான் வேற வேலை. அப்புறம் அவ ஒரு முஸ்லிம் பையனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அனகாபுத்தூர் போயிட்டா. அப்பா அவ போட்டோவையெல்லாம் எடுத்துட்டாரு. எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ ஒரே பொண்ணுன்னு சொல்லித்தான் பேசி முடிச்சாங்க. எட்டு வருஷமாச்சு அவளைப் பார்த்து. நம்பரும் மாத்திட்டா."

"அந்தப் பாட்டு…"

"அவளுக்குத்தான். எந்த வருஷமும் உங்க லிஸ்ட்டை அவ விட மாட்டா, அது மட்டும் எனக்குத் தெரியும். அதுல வந்துட்டா கேட்டுடுவான்னு நெனச்சேன். யாருன்னே தெரியாம உங்களுக்குப் பாட்டு பிடிக்கணும், நீங்க நாலு வார்த்தை எழுதணும், அவ கேக்கணும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் நிறுத்தவில்லை.

"ஏழு பாரா எழுதினீங்க. நான் படிச்சேன். ஃபேன் எழுதினீங்க, சுவிட்ச் எழுதினீங்க. பாட்டு எப்படி இருந்துச்சுன்னு எழுதவே இல்லையே அண்ணா. அதுல ஒரே ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தாக்கூட அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு நாள்தானே இருந்துச்சு அது. ஃபேன் சத்தத்தைப் படிச்சுட்டு அவ எதுக்கு அதைப் போய்க் கேக்கப் போறா?"

அவள் திட்டவில்லை. எனக்குத்தான் திட்டு வாங்கியது போல முகம் எரிந்தது. அவளுடைய மாமனார் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று கேட்ட கேள்விக்கு, ஊரில் பதில் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். லவ் சாங் என்று சொல்லி அனுப்பினேன். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்தாரோ, அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நகலுக்குக் காசு கொடுத்துவிட்டு, "வரேண்ணா" என்று போய்விட்டாள்.

அதன் பிறகு இந்த வருஷம் முழுக்க நான் புதுப் பாட்டு ஒன்றும் ஒழுங்காகக் கேட்கவில்லை. ஊரப்பாக்கம் பையன்கள் இரண்டாவது ஆல்பம் போட்டிருக்கிறார்கள், முதலாவதைவிட நன்றாக இருக்கிறது என்கிறார்கள். கோயம்புத்தூர் பெண்ணும் ஒரு பாட்டு விட்டிருக்கிறாள். ஆரம்பித்த நிமிஷமே என் காது ஃபேனையும் குக்கரையும் தேடிப் போகிறது. கெட்ட பழக்கத்தைத் திருத்தலாம், பெருமைப்பட்ட பழக்கத்தைத் திருத்துவது லேசில்லை. காதை இழுத்து வந்து வார்த்தையில் உட்கார வைப்பேன். ஒரு வரி முடிவதற்குள் எழுந்து போய்விடும்.

போன மாதக் கடைசியில் செக்ரட்டரியின் மருமகள் போன் பண்ணினாள். முன்பு போலவே கேட்டாள்.

"அண்ணா, இந்த வருஷம் லிஸ்ட் போடலையா?"

"இல்லம்மா. விட்டுட்டேன்."

பிறகு சொன்னாள். வீட்டில் அக்காவைப் பற்றி அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். மாமனார் ஒரு மாதம் பேசவில்லை, இப்போது பேசுகிறார். கணவரே வண்டியில் வைத்து அவளை அனகாபுத்தூருக்குக் கூட்டிப்போனாராம். ஆற்றை ஒட்டிய சந்தில் அக்கா இருந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே வந்த வருஷம் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

"அதனால நீங்க எழுதணும். பாட்டு இல்ல, லேப்டாப்ல இருந்ததையும் அழிச்சுட்டேன். நடந்ததை எழுதுங்க. பேர் மட்டும் வேணாம். மத்ததெல்லாம் இருக்கட்டும், இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. டிசம்பர்ல நீங்க ஏதாவது எழுதினா அவ கண்ணுல படும்."

"கண்டிப்பா எழுதறேம்மா."

"மூணாவது பாட்டோட முதல் வரியை மட்டும் அப்படியே போட்டுடுங்க. அது நாங்க சின்ன வயசுல ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினது. எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்தா போதும், எனக்குக் கூப்பிடுவா. நீங்கதான் நாற்பது தடவ கேட்டிருக்கீங்களே, நான் சொல்லவே வேணாம்."

"ஆமாம்மா. போட்டுடறேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "என்ன வரி அது, சொல்லுங்க" என்றாள். வாயைத் திறந்தேன். மெட்டு வந்தது. முழுசாக முனகிக் காட்டினேன். எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறாள், எந்த இடத்தில் கீபோர்டு ஒரு விரலில் இறங்குகிறது, எங்கே கூட்ஸ் வண்டி ஊதுகிறது, எல்லாம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வார்த்தை?"

நோட்டை எடுத்துப் புரட்டினேன். மூன்றாவது பாட்டுக்கு ஒரு பக்கம் முழுக்கக் குறிப்பு இருந்தது. அதில் பாட்டின் ஒரு சொல்கூட இல்லை.

"கூப்பிட்டுக் கேளுங்க."

"எப்படிக் கேட்பேன்?"

"உங்களுக்கு வெக்கமா இருக்குங்கறதுக்காக அந்தப் பொண்ணு அவ அக்காவைப் பார்க்காம இருக்கணுமா?" என்றாள். இருந்தும் பத்து நாளாகிறது, நான் கூப்பிடவில்லை. ரயிலில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு மெட்டை ஓட்டிப் பார்க்கிறேன், எப்படியாவது அதைப் பிடித்துக்கொண்டு வார்த்தை வந்துவிடாதா என்று. ஒரு தடவை 'வா' என்ற எழுத்து வந்தது. அதுவும் அவளுடைய மாமனார் சொன்னதிலிருந்து வந்தது.

அவள் கேட்டபடி மற்றதையெல்லாம் எழுதிவிட்டேன். அந்த முதல் வரி இங்கே வர வேண்டும். எனக்கு அது தெரியாது.